கேட்பதும் வேண்டுவதும்: யப்பானிய மொழியும் புத்தளக் கரையும்

சிலாபத்துக்கு வடக்கே உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என நீண்டு செல்லும் கரையோரத்தில் வாழ்வோர் ஒற்றை மொழியோடு நின்றுவிடுபவர் அல்லர். உடப்பிலே வீட்டு மொழி தமிழ். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் வாழும் முஸ்லிம்களுக்கும் அதுவே தாய்மொழி. ஆனால் மீன் ஏலத்திலும், பஸ் வண்டியிலும், கச்சேரியிலும் சிங்களம் இன்றி அலுவல் நடவாது. சிலாபத்துக்குத் தெற்கே நீர்கொழும்பு வரையுள்ள மீனவர் ஊர்கள் சிலவற்றிலோ ஒரே வீட்டுக்குள் இரு மொழியும் கலந்து புழங்குகின்றன. ஒரே வேண்டுகோளை இரு விதமாகச் சொல்லப் பழகிய நாவு இக்கரையாருக்கு இளமையிலேயே வாய்த்துவிடுகிறது எனலாம்.

அந்த நாவு இப்பொழுது மூன்றாவது மொழியொன்றையும் பயிலத் தொடங்கியிருக்கிறது. மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றவர்கள் அரபுச் சொற்களோடு திரும்பினர். வென்னப்புவப் பகுதியிலிருந்து இத்தாலிக்குச் சென்றவர்கள் இத்தாலியம் பேசினர். 2019ஆம் ஆண்டு ஏப்பிரிலில், குறித்த தொழில்களில் திறன் பெற்ற அந்நிய நாட்டவரை ஏற்கும் புதிய விசா முறையொன்றை யப்பான் நடைமுறைப்படுத்தியது. அதே ஆண்டு யூன் மாதத்தில் இலங்கை அரசு அதன் பொருட்டு யப்பானோடு உடன்பாடு செய்துகொண்டது. முதியோர் பராமரிப்பு, கட்டட வேலை, கமத்தொழில், கடற்றொழில் முதலியன அம்முறையில் அடங்குவன. செல்ல விரும்புவோர் தொழிற் பரீட்சையோடு மொழிப் பரீட்சையிலும் தேற வேண்டும். யப்பான் பவுண்டேசன் நடத்தும் அடிப்படைப் பரீட்சை, அல்லது யப்பானிய மொழி ஆற்றற் பரீட்சையின் நான்காம் நிலை, இவ்விரண்டில் ஒன்று போதும். பராமரிப்பு வேலைக்குச் செல்வோர் அத்தொழிலுக்குரிய மொழிப் பரீட்சை ஒன்றையும் எழுதுதல் வேண்டும்.

பரீட்சைக்குரிய சொற்களை மனனஞ் செய்துவிடலாம். ஆனால் முதியோர் இல்லமொன்றில் நள்ளிரவிலே, எண்பது வயதைக் கடந்த ஒருவரிடம் ‘எங்கே நோகிறது?’ என்று கேட்க வேண்டிய வேளையில், கேட்கும் முறை பிழைத்தால் விடையும் பிழைத்துவிடும். மனம் நொந்த முதியவர் நோவை மறைத்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடுவார். வினவுதலும் வேண்டுதலும் மொழிப் பாடத்தின் முதற் பாடங்களாக இருப்பதற்குக் காரணம் அவை எளியவை என்பது மட்டுமன்று. பிறர் துணையில்லாத இடத்தில் ஒருவன் உயிர் வாழ்வதே அவற்றை நம்பித்தான்.

யப்பான் என்ற பெயர் இக்கரைக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது யப்பானியரை எதிர்த்துப் போரிடுவதற்கென்றே புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படையினர் விமானத் தளமொன்றை அமைத்திருந்தனர். சேற்றிற் புதைந்த போர் விமானத்தை யானையொன்று இழுத்து மீட்கும் அக்காலப் புகைப்படம் பலரும் அறிந்ததே. 1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவிற் கூடிய சமாதான மகாநாட்டில், அந்நாளில் நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன புத்தர் வாக்கொன்றை எடுத்தாண்டு, யப்பானிடம் இலங்கை இழப்பீடு கோராது என்று அறிவித்தார். அன்று பகைவர் மொழியாயிருந்ததை இன்று இக்கரை இளைஞர் கொப்பியில் எழுதிப் பழகுகின்றனர்.

கீழே வரும் யப்பானியச் சொற்கள் தமிழ் எழுத்தின் இயல்பை ஒட்டி எழுதப்பட்டுள்ளன. ‘தெஸ்’ என்பதன் தகரத்தைத் ‘தயவு’, ‘தேசம்’ என்பவற்றின் தகரம் போல ஒலித்தல் வேண்டும். இரட்டித்த ககரமும் தகரமும் வல்லோசையன. பிற நுட்பங்களை ஆசிரியரின் வாய்மொழியாகவே கேட்டறிதல் நன்று.

முதலில் வினாவை நோக்குவோம். ஆங்கிலத்தில் வினா எழுப்ப வேண்டுமானால் சொற்களின் வரிசையையே மாற்ற வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் இதனால் படும் பாடு யாவரும் அறிந்தது. யப்பானியத்தில் அத்தொல்லை இல்லை. ‘இக்கிமஸ்’ என்றால் ‘போகிறேன்’ அல்லது ‘போகிறார்’. அதன் ஈற்றில் ‘க’ என்ற ஓரெழுத்தைச் சேர்த்து ‘இக்கிமஸ் க’ என்றால் ‘போகிறீர்களா?’ என்று ஆகிவிடும். தமிழன் ‘போகிறீர்கள்’ என்பதன் ஈற்றில் ஆகாரத்தைச் சேர்ப்பதும், சிங்களவர் ‘யனவா’ என்பதன் ஈற்றில் ‘த’ சேர்த்து ‘யனவாத?’ என்று கேட்பதும் இதே வழிதான். வினாச் சொல் வரும்போதும் வரிசை மாறுவதில்லை. ‘தொயிரெ வ தொக்கொ தெஸ் க’ என்றால் ‘கழிப்பறை எங்கே உள்ளது?’ என்பது பொருள். ‘தொக்கொ’ எங்கே, ‘நனி’ என்ன, ‘தரெ’ யார், ‘இத்சு’ எப்பொழுது, ‘இக்குர’ என்ன விலை. யப்பானியர் எழுதும்போது ‘க’ என்று முடியும் வாக்கியத்துக்கு வினாக்குறி இடுவதும் கட்டாயமன்று. அந்த ஓரெழுத்தே குறியாக நின்று விடுகிறது.

சுட்டுச் சொற்களில் ஒற்றுமை இன்னும் வியப்பூட்டுவது. ஆங்கிலத்துக்கு ‘இது’, ‘அது’ என்ற இரண்டே உண்டு. யப்பானியத்திலோ பேசுபவனுக்கு அண்மையிலுள்ளது ‘கொரெ’, கேட்பவனுக்கு அண்மையிலுள்ளது ‘சொரெ’, இருவருக்கும் சேய்மையிலுள்ளது ‘அரெ’, எது என்று வினவுவது ‘தொரெ’. பழந்தமிழின் இது, உது, அது, எது என்ற நான்கையும் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். இந்தியத் தமிழர் பேச்சில் ‘உது’ வழக்கொழிந்து போயிற்று. யாழ்ப்பாணத்தார் பேச்சில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. எதிரே நிற்பவரின் கையிலுள்ள பொருளை ‘உதென்ன?’ என்று கேட்பவருக்குச் ‘சொரெ’ என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. ‘உது’ வழங்காத ஊரிற் பிறந்தவராயினும், சிங்களம் அறிந்தவரானால் ‘மே’, ‘ஒய’, ‘அர’ என்ற மூன்றும் அதே வேலையைச் செய்வதைக் காண்பார்.

ஓரிடத்தில் தமிழ் கைவிட, சிங்களம் கைகொடுக்கிறது. ‘தண்ணீர் இருக்கிறதா?’ என்பதற்கும் ‘டாக்டர் இருக்கிறாரா?’ என்பதற்கும் தமிழிலே வினையடி ஒன்றுதான். சிங்களத்தில் உயிரற்ற பொருளுக்குத் ‘தியெனவா’, உயிருள்ளதற்கு ‘இன்னவா’. யப்பானியமும் அப்படியே ‘அரிமஸ்’, ‘இமஸ்’ என இரண்டாகப் பிரித்து வழங்குகிறது. தண்ணீருக்கு ‘அரிமஸ் க’. டாக்டருக்கு ‘இமஸ் க’. இவ்விரண்டையும் மாற்றிச் சொல்லி மாணவர் இடர்ப்படுவது வழக்கம். சிலாபத்துச் சந்தையில் சிங்களம் பேசிப் பழகியவர் மாற்றிச் சொல்லார்.

வினாச் சொற்களோடு ஒட்டும் இடைச்சொற்களும் நோக்கத்தக்கன. ‘யார்’ என்பதோடு ஓகாரம் சேர்ந்தால் ‘யாரோ’, உம்மை சேர்ந்தால் ‘யாரும்’. யப்பானியத்தில் ‘தரெ’ என்பதோடு ‘க’ சேர்ந்தால் ‘தரெக்க’, அதாவது யாரோ. ‘மொ’ சேர்ந்து எதிர்மறை வினையோடு வந்தால் ‘தரெமொ இமசென்’, அதாவது யாரும் இல்லை. ‘நனிக்க’ என்பது ஏதோ. ‘நனிமொ’ என்பது எதுவும். வினாவையும் ஐயத்தையும் ஒரே இடைச்சொல்லால் உணர்த்துவது இரு மொழிக்கும் பொதுவான இயல்பு. ‘நீ போனாயா?’ என்பதற்கும் ‘நீயா போனது?’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் எண்ணிப் பார்க்கலாம். வினா எழுத்து நடுச்சொல்லோடு ஒட்டியவுடன் ஈற்று வினையின் உருவம் மாறுகிறது. சிங்களத்திலும் ‘யனவா’ என்பது ‘யன்னே’ என்று ஆகிறது. பழைய யப்பானிய இலக்கியத்திலும் ‘க’ இடையில் வந்தால் ஈற்று வினை வேறு உருவம் பெறும் விதி இருந்தது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் போல் ஹாக்ஸ்ட்ரோம் என்பார் அளித்த ஆய்வேடு, வினா வாக்கியங்களின் அமைப்பை விளக்க யப்பானியத்தையும் சிங்களத்தையுமே அருகருகே வைத்து ஆராய்ந்தது.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு ஒருபடி மேலே சென்றவர் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008). தோக்கியோவின் கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் யப்பானிய மொழியைப் போதித்த இவ்வறிஞர், யப்பானியத்துக்கும் தமிழுக்கும் வரலாற்று உறவு உண்டு என்றும், நெற்செய்கை, உலோகம், நெசவு ஆகியவற்றோடு தமிழும் பண்டைய யப்பானை அடைந்தது என்றும் வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸும், அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாஸும் பல்லாண்டு அவரோடு இணைந்து உழைத்தனர். தாழியில் இறந்தோரைப் புதைக்கும் வழக்கமும் ஓனோவின் ஒப்பீடுகளில் ஒன்று. அத்தகைய ஈமத்தாழிகள் நிறைந்த பொம்பரிப்பு, புத்தளத்துக்கு வடக்கே இதே மாவட்டத்தில் இருப்பது குறிப்பிடத்தக்கது. ஓனோவின் கொள்கையை மொழியியலாளரிற் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வினையை ஈற்றில் நிறுத்தும் மொழிகள், ஒன்றோடொன்று உறவில்லாதபோதும், இப்படிப் பல இயல்புகளில் ஒத்திருப்பதுண்டு என்பது அவர்கள் கூறும் விடை. சிங்களம் ஆரிய மொழிக் குடும்பத்தது. ஆயினும் வாக்கிய அமைப்பில் தமிழின் உடன்பிறப்பைப் போலவே நடக்கிறது. உறவு உண்டோ இல்லையோ, கற்பிட்டியிலிருந்து செல்லும் இளைஞனுக்குக் கிடைக்கும் அனுகூலம் குறைவதில்லை. ஆங்கிலேயன் ஆண்டுக்கணக்கில் திருப்பிப் போட்டுப் பழகும் வாக்கிய வரிசை அவனுக்குப் பாலோடு ஊட்டப்பட்டது.

இனி வேண்டுகோளுக்கு வருவோம். வேண்டுகோள் என்றவுடன் ‘தயவு செய்து’ என்ற தொடரே பலர் நினைவுக்கு வரும். உண்மையில் அது விளம்பரப் பலகையிலும் கடிதத்திலும் வாழும் தொடர். உடப்பிலே ஒருவர் மற்றவரிடம் கத்தியை வாங்கும்போது ‘தயவு செய்து கத்தியைத் தாருங்கள்’ என்று சொன்னாற் கேட்பவர் சிரிப்பார். ‘அண்ணன், அந்தக் கத்திய கொஞ்சம் தாங்க’ என்பதே பேச்சு. மரியாதை தனிச் சொல்லில் இல்லை. விளியிலும், ‘கொஞ்சம்’ என்ற குறைப்பிலும், வினையின் ஈற்றிலும் பரவி நிற்கிறது. யப்பானியத்திலும் அவ்வாறே. ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்பதற்கு யப்பானியர் கூறுவது ‘சொத்தொ மத்தெ குதசாய்’. முதற் சொல்லை ‘சோட்டோ’ என்று சொல்லுவாரும் உளர். அதன் பொருள் ‘சிறிது’ என்பதேயாகும். சிங்களத்தில் ‘பொட்டக் இன்ன’ என்பதிலும் ‘சிறிது’தான் முன் நிற்கிறது. பிறரைத் தொந்தரவு செய்யும்போது அத்தொந்தரவைச் சிறிதாகக் காட்ட முனையும் மனித இயல்பு மூன்று மொழியிலும் ஒரே சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறது.

‘குதசாய்’ என்பது என்ன? அகராதிகள் ‘தயவு செய்து’ என்று பொருள் எழுதிவிட்டு நின்றுவிடுகின்றன. அது ‘தருக’ என்னும் வினை. அதிலும் மேலிடத்திலிருப்பவர் கீழே இருப்பவனுக்கு இறக்கித் தருதல் என்ற கருத்துடையது. ‘மிஸு ஒ குதசாய்’ என்றால் ‘தண்ணீர் தாருங்கள்’. பொருளைக் கேட்பதோடு இது நிற்பதில்லை. வேறொரு வினையின் எச்சத்தோடும் சேரும். ‘கய்த்தெ’ என்றால் ‘எழுதி’. ‘கய்த்தெ குதசாய்’ என்றால் ‘எழுதித் தாருங்கள்’. சிங்களவர் ‘லியலா தென்ன’ என்பதும் எழுத்துக்கு எழுத்து இதுவே. வினையெச்சத்தோடு ‘தா’ என்பதைச் சேர்த்து, பிறன் தனக்காகச் செய்யும் செயலை ஒரு கொடையாக்கிக் காட்டும் இந்த வழக்கு மூன்று மொழிக்கும் உரியது. ‘இத்தெ குதசாய்’ சொல்லித் தாருங்கள். ‘மிஸெத்தெ குதசாய்’ காட்டித் தாருங்கள். ஒரு மாலைப் பொழுதில் இருபது வினைகளை இவ்வாறு கட்டிப் பழகிவிடலாம்.

இவ்வளவில் நின்றுவிட்டால் மொழி வந்துவிட்டது போலத் தோன்றும். இடர் தொடங்குவது இங்கேதான். ‘குதசாய்’ என்பது மரியாதையான சொல்லானாலும் கேட்பவருக்கு மறுக்க இடம் வைப்பதில்லை. டாக்டர் நோயாளியிடமும், ஆசிரியர் மாணவரிடமும், உத்தியோகத்தர் வரிசையில் நிற்பவரிடமும் அதைத் தாராளமாகச் சொல்லலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் மேற்பார்வையாளரிடம் ‘விடுமுறை குதசாய்’ என்ற பாங்கிற் பேசினால், அது மரியாதை உடை தரித்த கட்டளையாகிவிடும். அவர் கோபங் காட்டமாட்டார். முகம் சிறிது மாறும், அவ்வளவே. அந்த மாற்றத்தின் காரணம் விளங்காமலே மாதங்கள் கழிந்து போகலாம்.

மேலோரிடம் வேண்டும்போது யப்பானியர் ‘தருதல்’ என்ற வினையைக் கைவிட்டு, ‘பெறுதல்’ என்ற வினைக்கு மாறுகின்றனர். அவர்கள் அவ்விடத்து வழங்கும் சொல் ‘இத்ததக்கு’. ஒரு பொருளைத் தலைக்கு மேலே ஏந்திக்கொள்ளுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். தமிழிலே ‘சிரமேற் கொள்ளுதல்’ என்று சொல்வதில்லையா? அதே உருவகந்தான். உணவுக்கு முன் யப்பானியர் கைகூப்பிச் சொல்லும் ‘இத்ததக்கிமஸ்’ என்பதும் இவ்வினையே. இதனை ‘இயலுமா’ என்ற பொருளுக்கு ஆக்கி, எதிர்மறையாக்கி, வினா எழுத்தையும் சேர்த்தால் ‘கய்த்தெ இத்ததக்கெமசென் க’ என்று வரும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘தாங்கள் எழுத, அதனை நான் சிரமேற் பெற இயலாதா?’ என்பதாகும். கேட்பவரின் செயலைப் பற்றி இவ்வாக்கியம் நேராக ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுவோன் தன் பேற்றைப் பற்றியே வினவுகிறான். மறுப்பவருக்கும் அது எளிது, முகம் முறியாது.

எதிர்மறை வினா இங்கே பணிவைக் குறிப்பது தமிழருக்குப் பழக்கமில்லாதது. ‘எழுதித் தரமாட்டீர்களா?’ என்று தமிழிற் கேட்டால் அதிலே மனக்குறை தொனிக்கும். சில வேளை சண்டைக்கு அழைப்பது போலவும் ஆகும். யப்பானியத்திலோ எதிர்மறை வந்தவுடன் வேண்டுகோள் மென்மையடைகிறது. ‘வருகிறீர்களா?’ என்ற பொருளில் ‘இக்கிமஸ் க’ என்பதை விட ‘இக்கிமசென் க’ என்பதே இனிய அழைப்பு. தமிழ்க் காது இதனைக் குற்றச்சாட்டு என்று எண்ணித் திகைப்பது இயல்பு. மொழிபெயர்த்துக் கேட்பதை நிறுத்தும் நாளிலே இத்திகைப்பும் நீங்கும்.

அனுமதி கேட்கும் வாய்பாடு இதனினும் எளிது. வினையெச்சத்தோடு ‘மொ’ என்ற உம்மையைச் சேர்த்து, ‘நல்லதா?’ என்று முடித்தால் போதும். ‘ஹைத்தெ மொ ஈ தெஸ் க’ என்பது ‘உள்ளே வந்தாலும் பரவாயில்லையா?’ என்பதற்குச் சமானம். கதவைத் திறக்குமுன் இதனைக் கேட்கப் பழகியவனை எந்த இல்லத்திலும் விரும்புவர்.

எல்லா இடத்திலும் பணிவு வேண்டும் என்பதும் பிழை. கரைவலை இழுக்கும்போது உடப்பில் எவரும் ‘சற்றே இழுத்துத் தருவீர்களா?’ என்று கேட்பதில்லை. அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஏற்ப ‘இழு’ என்ற சொல் பறக்கும். சம்மாட்டியார் அதட்டினாலும் ஒருவரும் மனம் நோவதில்லை. யப்பானியப் படகிலும் அப்படியே. ‘ஹிப்பரெ’, இழு, ‘மத்தெ’, பொறு. அங்கே மரியாதை ஈற்றுக்களைச் சேர்த்து நீட்டிக்கொண்டிருந்தால் கயிறு கையை அறுத்துவிடும். கடலில் அதட்டிய அதே தலைவர் கரையேறியபின் மெல்லப் பேசுவார். எந்த வேளைக்கு எந்த உருவம் என்ற உணர்வு இக்கரையாருக்கு உண்டு. அதை இலக்கண நூலிற் காண்பது அரிது.

விளிக்கும் முறையிலே கூடுதலான கவனம் வேண்டும். கற்பிட்டி முஸ்லிம்கள் அறியாத ஆடவரையும் ‘நானா’ என்பர். வயது சென்றவரைக் கண்டால் உறவுப் பெயரொன்று தானாக வாயில் வரும். தமிழிலே அதுவே மரியாதை. யப்பானியரும் வழிப்போக்கரை ‘ஒஜிசான்’, மாமா என்றும், ‘ஒபாசான்’, பாட்டி என்றும் அழைப்பதுண்டு. ஆனால் முதியோர் இல்லத்திற் பணிபுரிவோர் அங்குள்ள மூதாட்டியைப் ‘பாட்டி’ என்று அழைப்பது தகாது என்றே அத்தொழிற் பயிற்சியிற் கற்பிக்கப்படுகிறது. அவருடைய குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்து அழைத்தல் வேண்டும். நேற்று வரை ஓர் ஆசிரியையாகவோ கடைக்காரியாகவோ வாழ்ந்தவர், படுக்கையில் விழுந்தமையால் ஊருக்கெல்லாம் பாட்டியாகிவிட விரும்புவதில்லை. அன்பினால் அழைத்தாலும் அது அவரைச் சிறுமைப்படுத்துவதாக அமையும். ‘நீங்கள்’ என்பதற்கு அகராதி தரும் ‘அனத்த’ என்ற சொல்லையும் மேலோரிடம் வழங்கலாகாது. பெயர், அல்லது ‘சென்செய்’ போன்ற பதவிப் பெயர், அல்லது ஒன்றுமே சொல்லாதிருத்தல், இவையே வழி. தந்தையிடம் ‘வாப்பா சாப்பிட்டாச்சா?’ என்று கேட்கும் பிள்ளை ‘நீங்கள்’ என்ற சொல்லைத் தேடுவதில்லை என்பதை நினைத்தால் இது விளங்கும்.

விருப்பத்தை நேராக வினவுவதும் ஆகாது. ‘குடிக்க விருப்பமா?’ என்பதற்கு நேரான ‘நொமித்தாய் தெஸ் க’ என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம்; ஆயினும் மேலோரிடமும் முதியோரிடமும் கேட்கத் தகாதது. பிறர் மனத்துள்ளே கையை நீட்டுவது போன்றது என்று யப்பானியர் கருதுவர். அதற்குப் பதிலாக மரியாதை வினையை இட்டு ‘ஒநொமி நி நரிமஸ் க’, அருந்துகிறீர்களா, என்பர். இறைவன் வருவதை ‘எழுந்தருளுதல்’ என்றும், உண்பதை ‘அமுது செய்தல்’ என்றும் கூறும் தமிழ் மரபில், ஆளுக்கேற்ப வினையே மாறுவது புதுமையன்று. தமிழர் அதைக் கோயிலில் வைத்திருக்கின்றனர்; யப்பானியர் அலுவலகத்தில் வைத்திருக்கின்றனர்.

கேட்டபின் வரும் விடையை உணர்தல் கேட்பதினும் கடினம். ‘நோகவில்லையா?’ என்று எதிர்மறையாகக் கேட்டால், நோவில்லாதவர் ‘ஹாய்’, ஆம், என்பார். அவர் ‘ஆம், நோகவில்லை’ என்று சொல்லுகிறார். ‘ஈயெ’, அல்ல, என்றாலோ நோகிறது என்பது பொருள். இல்லை என்றே விடை சொல்லிப் பழகிய தமிழருக்கு இங்கே விடை தலைகீழாகப்படும். ஆகவே பராமரிப்புப் பணியில் ‘இத்தாய் தெஸ் க’, நோகிறதா, என்று உடன்பாட்டில் வினவுவதே பாதுகாப்பு. ‘தாய்ஜோபு’ என்ற சொல்லோ இதனினும் வழுக்குவது. ‘நலமாயிருக்கிறேன்’ என்பதற்கும் அது. ‘எனக்கு வேண்டாம்’ என்பதற்கும் அது. ‘தேநீர்?’ என்ற கேள்விக்குத் ‘தாய்ஜோபு தெஸ்’ என்று விடை வந்தால் கோப்பையைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். ‘சொத்தொ...’ என்று தொடங்கி இழுத்து நிறுத்தினால் அது மறுப்பு. தமிழர் ‘பார்ப்போம்’ என்பதற்கு நிகரானது. வாக்கியம் முடியும் என்று காத்திருப்பவன் ஏமாந்து போவான்.

வீட்டைவிட்டு இறங்கும்போது ‘எங்கே போறீங்க?’ என்று கேட்பதைத் தமிழர் சகுனப் பிழை என்பர். மற்ற நேரத்தில் அதுவே நலம் விசாரிப்பு. யப்பானிய அயலாரும் ‘வெளியே புறப்பட்டாயிற்றா?’ என்பர். அதற்கு விடை ‘சொத்தொ சொக்கொ மதெ’. சற்று அவ்விடம் வரை. அவ்விடம் எவ்விடம் என்று மேலும் ஆராயலாகாது. ‘சும்மா, இப்படித்தான்’ என்று சொல்லிப் போகும் தமிழர் எந்த இடத்தைக் குறிக்கின்றாரோ, அந்த இடந்தான்.

புதிதாகச் செல்பவன் முதல் வாரத்தில் எல்லாவற்றையும் விடக் கூடுதலாக வழங்கப் போகும் வேண்டுகோள் ஒன்று உண்டு. ‘சுமிமசென். மோ இச்சிதொ, யுக்குரி ஒநெகாய் ஷிமஸ்.’ மன்னிக்க வேண்டும், இன்னுமொரு முறை, மெதுவாக, வேண்டிக்கொள்கிறேன். முதற் சொல் ஒருவரை அழைப்பதற்கும், பொறுத்தருளக் கேட்பதற்கும், உதவி கிடைத்தபின் நன்றி கூறுவதற்கும் ஒருங்கே பயன்படுவது. ஈற்றுத் தொடர் எவரிடமும் சொல்லத்தக்கது. டாக்டரிடமும் சொல்லலாம், பஸ் சாரதியிடமும் சொல்லலாம். விளங்காததை விளங்கியதாகக் காட்டி ‘ஹாய்’ என்று தலையசைத்துவிட்டு மருந்தை மாற்றிக் கொடுப்பதை விட, இவ்வாக்கியத்தைப் பத்து முறை சொல்லுவது மேல். பத்தாம் முறையும் அதே பணிவோடு சொல்ல வேண்டும். எதிரே நிற்பவர் அப்பொழுதுதான் சொற்களைப் பிரித்து, மெல்ல, மீண்டும் சொல்லத் தொடங்குவார்.